வைஃபை சிக்னல் முழுசாக இருக்கிறது, இணையம் மட்டும் இல்லை (உப்புவெளி கெஸ்ட் ஹவுஸ்)

உப்புவெளிக்காரன் | ஜூலை 12, இரவு 9.10

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஏழு அறை உள்ள சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒன்றை நானும் மனைவியும் நடத்துகிறோம். ஃபைபர் இணைப்பு. ரவுட்டர் முன் வரவேற்பறையில் இருக்கிறது. போன மாதம் வரை ஒரு குறையும் இல்லை. இப்போது நான்கு நாளாக, வருகிற ஆட்களில் பாதிப்பேர் போனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் சிக்னல் கோடு முழுசாக இருக்கிறது. கீழே "இணைக்கப்பட்டது, இணையம் இல்லை" என்று எழுதியிருக்கிறது.

5ஆம் அறையில் ஒரு ஜெர்மன் சோடி. இருவரும் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிக்கிறார்கள். மனுசிக்கு வீடியோ ஓடுகிறது, மனுசனுக்கு மெயில் கூடத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே மாதிரிப் போன்.

ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று தரம் எடுத்துவிட்டேன். மூன்று தரமும் "லைன் நல்லா இருக்கு, ரவுட்டரை நிப்பாட்டிப் போடுங்கோ" என்பதுதான் பதில். நிப்பாட்டிப் போட்டால் சில போன்கள் சரியாகின்றன, ஆனால் அதுவரை ஒழுங்காக வேலை செய்த வேறு சில போன்கள் விழுந்துவிடுகின்றன! இன்று மாலை அப்படிச் செய்ததில் வரவேற்பறை லப்டொப்பும் போய்விட்டது. ஆட்கள் நிறைந்திருக்கிற சீசன் நேரம். நேற்று ஒருவர் ரிவியூவில் கடலுக்கு ஐந்து நட்சத்திரமும் வைஃபைக்கு ஒரு நட்சத்திரமும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

யாருக்காவது ஏதாவது விளங்குகிறதா?


சீனக்குடா 77 | ஜூலை 12, இரவு 9.24

கம்பனியை மாற்றுங்கள். எல்லாம் கள்ளர் கூட்டம். எனக்கும் இதே பிரச்சினை, மாற்றின பிறகு சரி.


மட்டுறுத்துநர் | ஜூலை 12, இரவு 9.31

மேலே உள்ள பதிவில் இருந்த கம்பனிப் பெயரை எடுத்துவிட்டேன். ஆளை ஆள் திட்டாமல் பிரச்சினையைக் கதைப்போம்.


பாலையூற்றுப் பெடியன் | ஜூலை 12, இரவு 9.40

அண்ணா, நான் போன் திருத்துகிற கடையில் நிற்கிறேன். இப்படி வருகிற போன்களுக்கு நாங்கள் முதலில் செய்கிற வேலைகளைச் சொல்கிறேன். வைஃபை பெயரை அமத்திப் பிடித்து "மறந்துவிடு" கொடுத்து, திரும்பப் பாஸ்வேர்ட் போடுங்கள். விபிஎன் ஏதும் ஓடினால் நிப்பாட்டுங்கள். ஆண்ட்ராய்டில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்று ஒன்று இருக்கிறது (தளத்தின் பெயரை இலக்கமாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ்), அதை யாராவது கையால் மாற்றி வைத்திருந்தால் இதே செய்தி வரும். இன்னொன்று, ரவுட்டரில் சனலை, அதாவது வைஃபை ஓடுகிற அலைவரிசையை, மாற்றிப் பாருங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 இந்த மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. உப்புவெளியில் இப்போது வளவுக்கு வளவு கெஸ்ட் ஹவுஸ், எல்லாரும் 6இல் நிற்பார்கள்.


நிலாவெளி மாஸ்டர் | ஜூலை 12, இரவு 10.02

திகதியைப் பாருங்கள். நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பழைய கணினி இருந்தது. வைஃபை பிடிக்கும், ஆனால் ஒரு தளமும் திறக்காது. இரண்டு கிழமையாக எல்லோரும் ரவுட்டரைத்தான் பேசினோம். கடைசியில் பார்த்தால் மதர்போர்டில் இருக்கிற நாணயம் போன்ற பற்றரி, 2032 என்று எழுதியிருக்குமே, அது செத்துப்போயிருக்கிறது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி பழைய வருசத்துக்குப் போய்விடுகிறது. தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்கு "இன்னும் பிறக்காத" சான்றிதழ்கள். எப்படித் திறக்கும்?

அது இல்லாவிட்டால் டிஎன்எஸ்ஸில் கூகுளின் 8.8.8.8 போடுங்கள். பத்தில் ஒன்பது தரம் அதோடு தீரும்.


கிண்ணியா நானா | ஜூலை 12, இரவு 10.20

தம்பி, இளம் ஆக்களுக்குத் தெரியாது, 2009இல் பாலம் வரும் முன்னம் நாங்கள் கிண்ணியாவிலிருந்து டவுனுக்குப் போக வேண்டுமென்றால் பாதையில்தான் கடக்க வேண்டும். (பாதை என்றால் ரோட்டு இல்லை, வாகனத்தையும் ஆளையும் ஏற்றி இழுத்துக்கொண்டு போகிற மிதவை. வெளியூர் ஆக்களுக்காகச் சொல்கிறேன்.) விடிய எழும்பித் துறையடிக்கு வந்துவிடலாம், முன் வரிசையிலும் நிற்கலாம். பாதை ஓடாவிட்டால் அங்கேயே நிற்க வேண்டியதுதான்.

போனில் தெரிகிற சிக்னல் கோடு என்பது நீ துறையடிக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறாய் என்பது மட்டும்தான். அக்கரையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகையால் சிக்னலைப் பார்ப்பதை விடு. எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்று என்னைக் கேட்காதே. அக்கா வருவா.


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 12, இரவு 11.05

நானா கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிவிட்டார். சரி.

தம்பி, இனிமேல் தயவுசெய்து ரவுட்டரை நிப்பாட்டிப் போடாதீர்கள். ஒவ்வொரு தரமும் தடயத்தை அழிக்கிறீர்கள். சேவை நிலையத்துக்கு அது சுகமான பதில், உங்களுக்கு அல்ல.

மற்றவர்கள் சொன்னவற்றில் சிலதைத் தள்ளிவிடலாம். சனல் நெரிசல் என்றால் எல்லோருக்கும் மெதுவாகும், விட்டு விட்டு வரும். ஒரே மேசையில் ஒருவருக்கு முழுசாகவும் மற்றவருக்கு ஒன்றுமே இல்லாமலும் வராது. திகதி பிழைத்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது, மாஸ்டர் சொன்னது சரி. ஆனால் அது ஒரு கணினியின் வருத்தம். வருகிறவர்களில் பாதிப்பேரின் போனிலா திகதி பிழைக்கும்?

ஃபைபர் பெட்டியில் லொஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரியவில்லை, பொன் (PON) என்று எழுதிய விளக்கு பச்சையாக நிலையாக நிற்கிறது, அப்படித்தானே? அப்படியென்றால் வெளிச்சம் வீடு வரை வருகிறது. ஜெர்மன் மனுசிக்கு வீடியோ ஓடுகிறது. எனவே லைனும் குற்றவாளி இல்லை. பிரச்சினை உங்கள் வளவுக்குள்.

போன் எப்படி "இணையம் இல்லை" என்று சொல்கிறது தெரியுமா? வைஃபையில் ஏறியவுடன் அது வெளியே ஒரு தெரிந்த முகவரிக்குச் சின்னக் கேள்வி ஒன்றை அனுப்பும். ஆண்ட்ராய்டு போன் 204 என்ற வெற்றுப் பதிலை எதிர்பார்க்கும். விண்டோஸ் ஒரு சின்ன எழுத்துக் கோப்பை எடுத்துப் பார்க்கும். பதில் வராவிட்டால் இந்தச் செய்தி. ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

எனக்கு வேண்டியது இதுதான். வேலை செய்கிற போன் ஒன்று, செய்யாத போன் ஒன்று எடுங்கள். இரண்டிலும் வைஃபை பெயரைத் தொட்டு விவரத்துக்குள் போனால் ஐபி முகவரி, கேட்வே (வெளியே போகிற வாசல், ஐபோனில் ரவுட்டர் என்று இருக்கும்), டிஎன்எஸ் என்று இலக்கங்கள் இருக்கும். அவற்றை அப்படியே இங்கே எழுதுங்கள். இவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் இலக்கங்கள், வெளியே சொன்னால் ஒரு ஆபத்தும் இல்லை. 169.254 என்று தொடங்கினால் உடனே சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் வளவில் இந்த ரவுட்டரைத் தவிர வேறு ஏதாவது பெட்டி இருக்கிறதா?


உப்புவெளிக்காரன் | ஜூலை 13, காலை 7.45

நன்றி அக்கா. வேறு பெட்டி ஒன்றும் இல்லை. இந்த ஒன்றுதான்.

ஜெர்மன்காரர் காலையில் நீந்தப் போய்விட்டார். வந்ததும் போனை வாங்கிப் பார்க்கிறேன்.


பாலையூற்றுப் பெடியன் | ஜூலை 13, காலை 8.10

அக்கா, அது என்ன 169.254?


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 13, காலை 8.30

போன் வலைக்குள் வந்ததும் "எனக்கு ஒரு முகவரி தாருங்கள்" என்று சத்தமாகக் கூப்பிடும். முகவரி கொடுக்கிற வேலை ரவுட்டருக்குள் இருக்கிற டிஎச்சிபி என்ற பகுதியுடையது. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து ஒருவரும் பதில் சொல்லாவிட்டால் கருவி தானே தனக்கு 169.254 என்று தொடங்குகிற முகவரி ஒன்றைப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் இதை அதிகம் பார்க்கலாம். அந்த இலக்கத்தைக் கண்டால் முகவரி கொடுக்கிறவரைத் தேடிப் போக வேண்டும், டிஎன்எஸ்ஸைத் தோண்டிப் பயனில்லை.


நிலாவெளி மாஸ்டர் | ஜூலை 13, காலை 9.15

டிஎன்எஸ்ஸை ஏன் இப்படித் தள்ளுகிறீர்கள் என்று விளங்கவில்லை. நான் எத்தனையோ வீட்டில் 8.8.8.8 போட்டுத் திருத்தியிருக்கிறேன்.


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 13, காலை 9.40

சேர், தள்ளவில்லை. போட முன்னம் சோதிக்கலாம் என்கிறேன். வரவேற்பறை லப்டொப்பில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, "இருக்கிறாயா" என்று கேட்கிற பிங் கட்டளையோடு முதலில் கேட்வே இலக்கத்தை அடிக்க வேண்டும். பதில் வந்தால் ரவுட்டர் வரை வழி இருக்கிறது. பிறகு 8.8.8.8. பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி இருக்கிறது. கடைசியாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். இலக்கத்துக்குப் பதில் வந்து பெயருக்கு மட்டும் வராவிட்டால்தான் டிஎன்எஸ் குற்றவாளி. பெயரை இலக்கமாக மாற்றித் தருவது மட்டும்தானே அதன் வேலை. வழியே இல்லாத இடத்தில் விலாசப் புத்தகத்தை மாற்றி என்ன செய்வது?


கிண்ணியா நானா | ஜூலை 13, காலை 9.52

பாதை ஓடாத நாளில் அக்கரை வீட்டு நம்பரைச் சரிபார்க்கிற மாதிரி.


உப்புவெளிக்காரன் | ஜூலை 13, பகல் 12.20

வந்துவிட்டார்கள். இரண்டு போனையும் மேசையில் வைத்துப் பார்த்து எழுதினேன்.

மனுசி (வேலை செய்கிறது): ஐபி 192.168.1.34, ரவுட்டர் 192.168.1.1
மனுசன் (செய்யவில்லை): ஐபி 192.168.0.103, ரவுட்டர் 192.168.0.1

வரவேற்பறை லப்டொப்பும் 192.168.0.106. அதில் பிங் அடித்தேன். 192.168.0.1 பதில் சொல்கிறது. 8.8.8.8 பதில் இல்லை. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற 192.168.1.1 பக்கத்தைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. முன்பெல்லாம் திறக்கும்.

1க்கும் 0க்கும் உள்ள வித்தியாசம்தானா பிரச்சினை?


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 13, பகல் 12.31

தம்பி, நன்றாக யோசியுங்கள். வளவில் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது.


உப்புவெளிக்காரன் | ஜூலை 13, பகல் 12.50

அக்கா, மன்னிக்க வேண்டும். இருக்கிறது!

பின்பக்க மூன்று அறைக்கும் சிக்னல் போகாது என்று இரண்டு வருசத்துக்கு முன்னம் ஒருவரைக் கூப்பிட்டு, குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் பழைய ரவுட்டர் ஒன்றைக் கேபிளில் பூட்டினோம். அதை நான் ரவுட்டர் என்றே நினைக்கவில்லை. "சிக்னல் கூட்டுற பெட்டி" என்றுதான் வீட்டில் சொல்வோம். அரிசி மூட்டைக்கு மேலே இருக்கிறது.

இப்போது மருமகனைக் கேட்டேன். போன கிழமை பின் அறையில் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இவர் போய் அந்தச் சின்ன ஓட்டைக்குள் ஊசியைக் குத்திப் பிடித்திருக்கிறார். பெயர் மாறிவிட்டதாம். பிறகு போனாலேயே பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் திருப்பிப் போட்டுவிட்டாராம். "எல்லாம் பழையபடி ஆக்கிட்டேன் மாமா" என்கிறார்.


பாலையூற்றுப் பெடியன் | ஜூலை 13, பகல் 12.58

ஊசி!


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 13, பிற்பகல் 1.40

மருமகனைப் பேசாதீர்கள், அவர் பெயரையும் பாஸ்வேர்டையும் சரியாகத்தான் போட்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது விசயம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருசத்துக்கு முன்னம் வந்தவர் வேலை தெரிந்தவர். பழைய ரவுட்டரில் டிஎச்சிபியை நிப்பாட்டி, வெறும் சிக்னல் கொடுக்கிற பெட்டியாக ஆக்கியிருக்கிறார். நீங்கள் வைத்த பெயர் சரியான பெயர்தான். ஊசி குத்தியதும் அது கடையிலிருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. அதற்குத் தான் ஒரு ரவுட்டர் என்ற நினைப்பு வந்துவிட்டது. இப்போது ஒரே வலையில் இரண்டு பேர் முகவரி கொடுக்கிறார்கள்.

புதுப் போன் ஒன்று "முகவரி தாருங்கள்" என்று கூப்பிட்டால் அந்தச் சத்தம் கேபிள் வழியாக இரண்டு பெட்டிக்கும் கேட்கும். போன் முன் வரவேற்பறையில் நின்றாலும் கேட்கும். பெரும்பாலும் யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் தந்ததைத்தான் போன் எடுத்துக்கொள்ளும். முன் ரவுட்டர் முந்தினால் 192.168.1 வரிசையில் முகவரி, கேட்வே முன் ரவுட்டர், இணையம் வரும். சாமான் அறைப் பெட்டி முந்தினால் 192.168.0 வரிசை. "வெளியே போகிறதையெல்லாம் என்னிடம் தா" என்று அது சொல்லும். ஆனால் வெளியே போகிற அதன் துளையில் ஒரு வயரும் இல்லை. போன் அனுப்புவது அத்தனையும் அரிசி மூட்டைக்கு மேலே வந்து நின்றுவிடும்.

ஒரே மேசையில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராதது இதனால்தான். நிப்பாட்டிப் போட்டதும் கூடக் கெட்டதற்குக் காரணமும் இதுதான். முன் ரவுட்டர் எழும்பி முகவரி கொடுக்கத் தயாராக ஒன்றிரண்டு நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் போட்டிக்கு ஆளில்லை, சாமான் அறைப் பெட்டி வருகிற எல்லோருக்கும் அள்ளிக் கொடுத்திருக்கும்.

உடனடி வைத்தியம்: அந்தப் பெட்டியின் பிளக்கைக் கழற்றுங்கள். இணையம் வராத போன்களில் வைஃபையை நிப்பாட்டிப் போடுங்கள். லப்டொப்பில் ஐபிகொன்ஃபிக் கட்டளையை முதலில் ரிலீஸ், பிறகு ரினியூ என்று இரண்டு தரம் அடியுங்கள். அந்தச் சொற்களுக்கு முன்னால் ஒரு சாய்கோடு வரும்.

நிரந்தர வைத்தியம்: பெட்டியை முன் ரவுட்டரின் கேபிளிலிருந்து பிரித்து, தனியாக லப்டொப்போடு கேபிளில் பூட்டுங்கள். 192.168.0.1 பக்கத்தைத் திறந்து டிஎச்சிபியை நிப்பாட்டுங்கள். பிறகு பெட்டியின் சொந்த முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். பழையபடி கேபிளைப் பூட்டுங்கள். கேபிள் ஒரே நிறத்தில் வரிசையாக இருக்கிற துளைகளில் ஒன்றில்தான் போக வேண்டும், வெளியே போகிறதற்கென்று தனி நிறத்தில் இருக்கிற வான் (WAN) துளையில் அல்ல.


நிலாவெளி மாஸ்டர் | ஜூலை 13, பிற்பகல் 2.05

நல்ல விளக்கம், டிஎன்எஸ் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு திருத்தம். பல ரவுட்டர்கள் 192.168.1.2இலிருந்தே முகவரி கொடுக்கத் தொடங்கும். பெட்டிக்கு 2ஐக் கொடுத்துவிட்டு, அதே 2ஐ முன் ரவுட்டர் ஒரு விருந்தினருக்கும் கொடுத்தால்? இன்னொரு இழை திறக்க வேண்டி வரும்.


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 13, பிற்பகல் 2.12

சேர் சொல்வது சரி, எனக்கு அது விட்டுப்போய்விட்டது. தம்பி, முன் ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்தில் தொடக்க இலக்கத்தை 10 ஆக்குங்கள். 2 முதல் 9 வரை உங்கள் சொந்தச் சாமான்களுக்கு.


சீனக்குடா 77 | ஜூலை 13, பிற்பகல் 2.40

எதற்கு இவ்வளவு வேலை? கேபிளைக் கழற்றி அந்த வான் துளையில் குத்தினால் முடிந்தது. பெட்டி முன் ரவுட்டரிடம் முகவரி வாங்கும், பின் அறை ஆட்களுக்குத் தான் முகவரி கொடுக்கும், இரண்டும் மோதாது. ஒரு செட்டிங்கும் தொடத் தேவையில்லை.


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 13, பிற்பகல் 3.00

இது கெட்டித்தனமான வழி, உண்மையாகவே சொல்கிறேன். இரண்டும் வெவ்வேறு வரிசையில் (1ம் 0ம்) இருப்பதால் வேலை செய்யும். ஒரே வரிசையாக இருந்திருந்தால் செய்யாது. ஒரு குறை இருக்கிறது. பின் அறைப் பக்கம் இன்னொரு வலையாகிவிடும். முன் வைஃபையில் நிற்கிற போன் பின்பக்கத்தில் இருக்கிற பிரின்டரையோ கமராவையோ காணாது. ஒரு போன் நடந்து போகும்போது முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாறினால் முகவரியும் மாறும், கதைத்துக்கொண்டிருக்கிற வட்ஸ்அப் அழைப்பு அறும். விருந்தினர் கடற்கரைக்குப் போகிற வழியில் கதைத்துக்கொண்டே போகிறவர்கள். நான் என்றால் முதல் வழியைத்தான் செய்வேன். தம்பிக்கு அவசரம் என்றால் இன்றைக்கு இதைச் செய்துவிட்டு, ஆள் குறைந்த நாளில் ஒழுங்காகச் செய்யலாம்.


சீனக்குடா 77 | ஜூலை 13, பிற்பகல் 3.04

சரி, அக்கா சொன்னால் சரி. கம்பனியைப் பற்றிச் சொன்னது இந்தக் கேஸுக்குப் பொருந்தாது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். என்னுடைய கேஸுக்குப் பொருந்தும்.


உப்புவெளிக்காரன் | ஜூலை 13, மாலை 5.30

பிளக்கைக் கழற்றியதும் வைஃபையை நிப்பாட்டிப் போட்ட எல்லாப் போனுக்கும் இணையம் வந்துவிட்டது. ஜெர்மன்காரர் கைகொடுத்தார். பின் மூன்று அறைக்கும் இப்போது சிக்னலே இல்லை, அது வேறு.

ஆனால் இப்போது புதுப் பிரச்சினை. அக்கா சொன்னபடி லப்டொப்பைப் பெட்டியோடு பூட்டி, டிஎச்சிபியை நிப்பாட்டி, சேவ் கொடுத்தேன். பெட்டி தானாக நின்று எழும்பியது. அதற்குப் பிறகு 192.168.0.1 திறக்கவில்லை. லப்டொப்பின் முகவரியைப் பார்த்தேன். 169.254 என்று தொடங்குகிறது. நேற்று நீங்கள் சொன்ன அதே இலக்கம், பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.


ஓர்ஸ்ஹில் அக்கா | ஜூலை 13, மாலை 6.15

கலங்க வேண்டாம், பிழை என்னுடையது. வரிசையை மாற்றிச் சொல்லிவிட்டேன். முதலில் பெட்டியின் முகவரியை மாற்றி, கடைசியாகத்தான் டிஎச்சிபியை நிப்பாட்ட வேண்டும். முகவரி கொடுக்கிறவரை முதலிலேயே வேலையால் நிப்பாட்டியதால் உங்கள் லப்டொப்புக்கு முகவரி கொடுக்க ஆளில்லை.

லப்டொப்பில் கேபிள் இணைப்பின் செட்டிங்ஸில் ஐபி முகவரியைக் கையால் போடுங்கள்: 192.168.0.50, மாஸ்க் 255.255.255.0. கேட்வேயை வெறுமையாக விடலாம். இப்போது 192.168.0.1 திறக்கும். பெட்டியின் முகவரியை 192.168.1.2 ஆக்கிச் சேவ் கொடுங்கள். பக்கம் உறைந்து நிற்கும், அது சரிதான், பெட்டி வேறு முகவரிக்குக் குடிபோய்விட்டது. கடைசியாக லப்டொப்பை மறக்காமல் திரும்பத் "தானாக முகவரி பெறு" என்று வையுங்கள். இதை மறந்தால் நாளைக்கு அதில் மட்டும் இணையம் வராது, திரும்ப இங்கே வருவீர்கள்.


உப்புவெளிக்காரன் | ஜூலை 13, இரவு 8.50

முடிந்தது. பின் அறையில் நின்று பார்த்தேன், 192.168.1.41. முன் ரவுட்டரைத் தைரியமாக நிப்பாட்டிப் போட்டும் பார்த்தேன், ஒருவருக்கும் விழவில்லை. பெட்டியின் ஊசி ஓட்டைக்கு மேலே மனைவி பிளாஸ்டர் ஒட்டிவிட்டா. மருமகன் இரண்டு பெட்டியின் முகவரியையும் ஒரு மட்டையில் எழுதிச் சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்.

அக்காவுக்கும் நானாவுக்கும் சேருக்கும் பெடியனுக்கும் நன்றி. சீனக்குடா அண்ணாவுக்கும்தான். கோணேசர் கோயிலுக்கு வருகிறவர்கள் நம் பக்கமும் வாருங்கள், ஒரு தேநீர் குடிக்கலாம். வைஃபை இருக்கிறது.


கிண்ணியா நானா | ஜூலை 13, இரவு 9.05

அரிசி மூட்டைக்கு மேலே ரவுட்டரை வைக்காதே தம்பி. தூசும் சூடும் அதற்குக் கூடாது. உப்புக் காற்று வேறு. எங்கள் வீட்டில் கடல் பக்கச் சுவரில் வைத்திருந்த பெட்டியின் செம்பு முனையெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. மழைக்காலம் தொடங்க முன்னம் ஒருக்கால் கழற்றிப் பார்.


மூதூர் தங்கச்சி | நவம்பர் 21, இரவு 10.40

பழைய இழையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கும் இதே பிரச்சினை. சிம் போடுகிற 4ஜி ரவுட்டர். சிக்னல் முழுசு, இணையம் இல்லை. மேலே சொன்னபடி பார்த்தேன். வீட்டில் வேறு பெட்டி இல்லை, சத்தியமாக இல்லை. எல்லாப் போனும் 192.168.8 வரிசைதான். கேட்வே பிங்குக்குப் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை. வாடை மழை தொடங்கியதிலிருந்து இப்படி, அதனால் மழைதான் காரணம் என்று வாப்பா சொல்கிறார்.


பாலையூற்றுப் பெடியன் | நவம்பர் 21, இரவு 10.55

அக்கா, எந்தச் சிக்னலைச் சொல்கிறீர்கள்? போனில் தெரிகிற கோடு உங்கள் ரவுட்டருக்கும் போனுக்கும் இடையில் உள்ளது. ரவுட்டரின் மேலேயே வேறு கோடு இருக்கும், அதுதான் கோபுரத்துச் சிக்னல். மழைக்குப் பயந்து ரவுட்டரை யன்னலிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தீர்களா? இரும்பு அலுமாரி என்றால் அவ்வளவுதான்.


மூதூர் தங்கச்சி | நவம்பர் 21, இரவு 11.10

இரண்டு கோடும் முழுசு. யன்னலில்தான் இருக்கிறது. டேட்டாவும் இருக்கிறது, செயலியில் பார்த்தேன், 18 ஜிபி மீதி காட்டுகிறது. விசித்திரம் என்னவென்றால் இரவு 12 மணிக்குப் பிறகு நன்றாக வேலை செய்கிறது. விடிய எழும்பினால் திரும்ப இல்லை.


கிண்ணியா நானா | நவம்பர் 21, இரவு 11.14

மகள், அந்த 18 ஜிபி இரவு டேட்டாவா பகல் டேட்டாவா?


மூதூர் தங்கச்சி | நவம்பர் 22, காலை 6.50

இரவு டேட்டா. பகல் டேட்டா பூச்சியம். செயலியின் முதல் பக்கத்தில் இரண்டையும் கூட்டித்தான் காட்டுகிறது, உள்ளே போய்ப் பார்த்தால்தான் பிரித்துத் தெரிகிறது. மழைக்கு ஸ்கூல் இல்லாத நாட்களில் தம்பி வீட்டில் இருந்து படமாகப் பார்த்துத் தள்ளியிருக்கிறான். வாப்பா இன்னும் மழைதான் காரணம் என்கிறார், ஒரு வகையில் அவர் சொல்வதும் சரிதான். வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.